டோர் பீடிங்கைக் கழற்றிப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் பார்த்திருக்கிறாயாம். 2013 மாடல், ஒரே ஓனர், விலையும் படிந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. முப்பது வருஷத்துக்கு மேல் டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கார்களோடு கிடந்தவன் சொல்கிறேன்.

நீ தினமும் ஓட்டப்போவது செஞ்சி–திருவண்ணாமலை ரோட்டில். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம், அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டம், அறுப்பு முடிந்தால் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் ஏற்றிவரும் டிராக்டர். எதிரே ஒருவன் ஓவர்டேக் பண்ணி வந்தால் நீ இடப்பக்கம் ஒடிப்பாய். அப்போது வண்டியின் முழு முகமும் மோதாது, டிரைவர் பக்கத்துப் பாதிதான் அடி வாங்கும். பட்டறைக்கு வந்த வண்டிகளில் நான் அதிகம் பார்த்த அடி அதுதான். மோதல் சோதனையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிடுவார்கள். நம் செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்திருக்கிறாயே, அதில் 16 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் என்ன வேகமோ அதுதான் அந்த 64.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை அப்படி மோதவிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எதிலும் ஏர்பேக் இல்லை. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். இதில் ஐ10 நம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஃபிகோ மறைமலைநகரிலும் செய்தவை. ஆனால் ஐந்து பூஜ்யமும் ஒன்றல்ல. ஃபிகோ, போலோ இரண்டிலும் ஆள் உட்காரும் கூடு குலையவில்லை. போலோவுக்கு இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதவிட்டபோது நான்கு ஸ்டார் கிடைத்தது. மற்ற மூன்றில் கூடே இடிந்துபோனது. அவற்றுக்கு ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று சோதித்தவர்களே சொன்னார்கள்.

'இப்போ வர்ற வண்டியெல்லாம் தகரம், அந்தக் கால அம்பாசடர்தான் கெட்டி' என்று யாராவது சொன்னால் கேட்காதே. பம்பரும் பானெட்டும் நசுங்கத்தான் வேண்டும். அவை நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் பில்லர், கூரை, தரை சேர்ந்த கூடு நிற்கும். முன்பக்கம் கெட்டியாக இருந்தால் அந்த அடி நேரே உன் நெஞ்சுக்கு வரும். பம்பருக்கு முன்னால் இரும்புக் கார்டு மாட்டுவதற்கு 2017இல் மத்திய அரசு தடை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நீ வாங்கும் வண்டியில் இருந்தால் கழற்றச் சொல்.

2013 மாடல் வேண்டாம் என்றே சொல்வேன். 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அந்த அக்டோபரிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாக் கார் மாடலும் முன்மோதல் சோதனையில் தேற வேண்டும். 2022 முதல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆர்.சி. புக்கில் பதிவு தேதியைப் பார்க்காதே, தயாரித்த மாதத்தைப் பார். ஸ்டார் கணக்கிலும் கவனம் வை. டியாகோ 2020இல் நான்கு ஸ்டார் வாங்கியது, அதே வருஷம் கிராண்ட் ஐ10 நியோஸ் இரண்டுதான் வாங்கியது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வண்டி பார்க்கப் போனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதே. கதவைத் திறந்து, விளிம்பில் இருக்கும் ரப்பர் டோர் பீடிங்கைக் கழற்றிப் பார். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டமாக, சம இடைவெளியில் வரிசையாக இருக்கும். பில்லரில் அந்தப் புள்ளிகள் மறைந்து, பட்டி பூசியது போலவோ கேஸ் வெல்டிங் வைத்தது போலவோ தெரிந்தால் எழுந்து வந்துவிடு. வெட்டி ஒட்டிய கூடு அடுத்த அடியில் பிரிந்துவிடும். சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதை யாராவது துண்டித்திருக்கலாம்.

பெல்ட் போடாமல் ஏர்பேக்கை நம்பாதே. கண் இமைப்பதற்குள் வெடித்து விரிகிற பை அது, முன்னால் சரிந்து வருபவளை அதுவே காயப்படுத்தும். 2022இல் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த மெர்சிடிஸில்தான், பின்சீட்டில் பெல்ட் போடாமல்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் யாரும் உட்காரக் கூடாது, உன் மாமியாரே கேட்டாலும். மோதும் நொடியில் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில் குழந்தை சீட் வாங்கிப் பொருத்து. அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிற வண்டியாகப் பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. ஆர்.சி. புக்கை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா