முதலில் பாருங்கள், பிறகு கழுவுங்கள்

கேள்வி: மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற, செகண்ட் ஹேண்டில் ஒரு டாட்டா ஏஸ் வாங்கியிருக்கிறேன். 2014 மாடல். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தது. வாட்டர் சர்வீஸ் விட்டு, ஆயில் மாற்றி, பூஜை போட்டுவிட்டு லோடு எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: குட்டி யானை உங்கள் வீட்டுக்குச் சோறு போடட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: வாட்டர் சர்வீஸை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே உரசுகிறது என்பதை அந்த அழுக்குதான் காட்டிக்கொடுக்கும். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும்.

இன்று இரவு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடியில் விரித்துவையுங்கள். காலையில் கறுத்த சொட்டு இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போலப் பரவியிருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் கேஜில் பால் காபி நிறம் தெரிந்தாலோ, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுத்திருப்பது மட்டும் குற்றமில்லை.

பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். வெள்ளைப்புகை சற்று நேரத்தில் அடங்கினால் கவலை வேண்டாம். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறும்புகை தொடர்ந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செலவு அதோடு முடிந்தாலும் முடியும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. முன்டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கிங் பின்னோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்.

இந்த வண்டி சுமார் 750 கிலோ சுமக்கக் கட்டப்பட்டது. முன்பு ஓட்டியவர் அதற்கு மேல் ஏற்றியிருந்தால் ஸ்பிரிங் பட்டைகளும் சேஸிஸும் சொல்லிவிடும். டார்ச் அடித்து, ஒவ்வொரு பட்டையிலும் விரலை ஓட்டுங்கள். மயிரிழைபோல் துருக்கோடு ஓடினால் அது விரிசல். சேஸிஸில் ஓரிடம் மட்டும் புதுப்பெயின்ட் பளபளத்தால், சுரண்டிப் பாருங்கள்; அடியில் ஒட்டுவெல்டிங் இருக்கலாம்.

சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் கெடு.

இரவில் வண்டிக்கு அடியில் விரித்த அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். கண்டதையெல்லாம் அதன் மேலேயே எழுதி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பிரேக், ஸ்டியரிங், சேஸிஸ் மூன்றும் முதலில் சரியாகட்டும். அப்புறம் நன்றாகக் கழுவி, பூஜை போட்டு, முதல் லோடை ஏற்றுங்கள்.