கணுக்காலைப் பழக்கும் பலகை

பால்மரம் வெட்டுபவரின் கைத்திறமையை எல்லாரும் புகழ்வர். பட்டையைக் காயப்படுத்தாமல் சீவும் கைக்கு அப்புகழ் தகும். ஆயினும், அந்தக் கையை ஒவ்வொரு மரத்திடமும் கொண்டுசேர்ப்பது கால் அன்றோ? மலைச்சரிவில் வெட்டிய படிமேடை, சருகு மூடிய கான், மழையில் ஊறிய வேர் ஆகியவற்றினிடையே பால் வாளியுடன் நடக்கையில் கணுக்கால் ஒருமுறை மடங்கினால் சில நாள் வருமானம் போய்விடும். அதனினும் பெரிய தொல்லை, ஒருமுறை சுளுக்கிய கால் அடுத்தடுத்தும் எளிதில் சுளுக்கிக்கொள்வதாகும்.

இதன் காரணத்தை அறிதல் நலம். மனிதன் விழாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, கால்மூட்டுகளிலுள்ள நுண்ணிய நரம்பு முனைகள் ஆகிய மூன்றும் துணைபுரிகின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்நரம்பு முனைகளே மூளைக்கு அறிவிக்கின்றன. சுளுக்கின்போது எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் கிழிவதோடு, இந்த அறிவிப்பும் பழுதடைகிறது. வீக்கம் வடிந்து, வலி மறைந்த பின்னரும் அது மந்தமாகவே இருக்கக்கூடும். கால் மடங்கிய பிறகே தசை விழித்துக்கொள்ளும்.

நம் தொழிலில் இக்குறை பன்மடங்காகிறது. வெயில் ஏற ஏறப் பட்டையினுள் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறைவதால், விடியுமுன் வெட்டத் தொடங்குதல் வழக்கமாயிற்று. அவ்விருளில் தலைவிளக்கின் ஒளி வெட்டுப்பட்டையில் விழுமேயன்றிக் காலடியில் விழாது. மூன்று துணைகளுள் கண் பாதி விலகிவிடுகிறது. மீதிச் சுமை கணுக்காலைச் சேர்கிறது.

இக்கணுக்காலைப் பழக்குவதற்கு ஆடும் பலகை ஒன்று போதும். முன்பு சுளுக்கிய காலை இவ்வாறு சில வாரங்கள் பழக்கினால் மறுசுளுக்கு குறைகிறது என்பது விளையாட்டு வீரர்களிடையே நடந்த ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. கடைகளில் விற்கப்படும் பலகையை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஓர் ஓய்வுநாளில் வீட்டு அஞ்சடியிலேயே செய்துகொள்ளலாம்.

மேற்பலகைக்கு 45 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள பிளைவுட் ஏற்றது. ரப்பர் மரப் பலகையும் நன்றே. ஒரு காலத்தில் விறகாக எரிக்கப்பட்ட இம்மரம், 1980ஆம் ஆண்டுகளிலிருந்து மலேசியத் தளவாடத் தொழிற்சாலைகளில் பெருமளவில் பயன்பட்டு வருகிறது. ஆனால், காட்டில் சாய்த்த மரத்தை அப்படியே அறுத்துப் பயன்படுத்தலாகாது. பச்சை ரப்பர் மரத்தை வண்டு விரைவில் துளைக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். போரான் மருந்தேற்றி உலர்த்திய பலகையையே கேட்டு வாங்குக.

ஆட்டத்தைத் தருபவை அடியில் பொருத்தும் இரு வளைகட்டைகள். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, 22 செ.மீ. நீளக் கயிற்றின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையில் பென்சில் கட்டி ஒரு வில் வரைக. வில்லின் உச்சியிலிருந்து 6 செ.மீ. கீழே நேர்க்கோடு இழுத்தால், அது வில்லுக்குள் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் வரும். (ஏன் 30 வருகிறது என்னும் கணக்கை இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனிடமோ மகளிடமோ விட்டுவிடலாம்.) கோட்டுக்கு மேலுள்ள வடிவத்தைக் கத்தரித்து, 2.5 செ.மீ. கனமான பலகையில் வைத்து இரண்டு வெட்டுக. இரண்டையும் சேர்த்துப் பிடித்து உப்புத்தாளால் தேய்த்து ஒரே அளவாக்குதல் முக்கியம். ஒன்று சற்றே பெரிதானாலும் பலகை கோணி ஆடும்.

மேற்பலகையின் அடிப்புறத்தில், எல்லா விளிம்புகளிலிருந்தும் 7.5 செ.மீ. உள்ளே தள்ளி, இரு கட்டைகளையும் இணையாகப் பொருத்துக. ஆணி நாளடைவில் கழன்றுவிடும், 5 செ.மீ. திருகாணியே வேண்டும். கட்டையின் நடுவில் ஒன்றும், இருபுறமும் 8 செ.மீ. தள்ளி ஒவ்வொன்றும் போதும். முதலில் சிறு துளையிடாவிட்டால் மரம் பிளக்கும். வளைவின்மீது பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது. இந்த அளவில், பலகை ஏறத்தாழ 17 பாகை சாய்ந்ததும் அதன் விளிம்பு தரையைத் தொட்டு நின்றுவிடும்.

இளைஞர்கள் சிலர் குழாய்த் துண்டின்மீது பலகையை வைத்து ஏறி வித்தை காட்டுவதுண்டு. குழாய் உருண்டோடுமாகையால், கால் தேற்றுவதற்கு அது ஆகாது.

பயிற்சியைச் சுவரோரம், காய்ந்த தரையில், வெறுங்காலுடன் தொடங்குக. முதல் வாரம் இரு கால்களாலும் ஏறி, விளிம்பு தரையில் படாமல் 30 விநாடி நிற்றல்; இடையே ஓய்வுடன் இவ்வாறு மூன்று முறை. அடுத்து, பலகையை மெல்ல இடமும் வலமும் ஆட்டுதல். பின்னர்த் திரும்பி நின்று முன்னும் பின்னும் ஆட்டுதல். ஒற்றைக்காலில் நிற்பது மூன்றாம் வாரத்துக்கு மேல். கண்ணை மூடி நிற்பது கடைசிப் பாடம். அப்போது கை சுவரை விடலாகாது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் வீதம் ஆறு முதல் எட்டு வாரம் செய்க. வேலை முடிந்து களைத்து வந்தவுடன் ஏற வேண்டா. குளித்து, உண்டு, மாலையில் செய்வதே உகந்தது.

புதிதாகச் சுளுக்கிய காலுடன் இதில் ஏறவே கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் சென்று அன்றைக்கே எண்ணெயிட்டு அழுத்தி உருவும் வழக்கத்தையும் விட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள்களில் அது வீக்கத்தைக் கூட்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியும், காலை உயர்த்தி வைத்தலுமே அப்போது நன்மை தரும். காலூன்றி நான்கு அடி நடக்க இயலவில்லையென்றால் எலும்பு முறிந்திருக்கக்கூடும்; அன்றே மருத்துவரைக் காண்க. தலைசுற்றல் உள்ளோரும் முதியோரும் பலகையை விடுத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெறுந்தரையில் ஒற்றைக்காலில் நின்று பழகலாம்.

தொடங்கும் நாளன்று, பலகையில் ஏறுமுன், சுவரோரம் தரையில் ஒற்றைக்காலில் நின்று எத்தனை எண்ணும்வரை நிற்க முடிகிறது என்று பார்த்து, நாள்காட்டியில் குறித்து வைக்கவும். இரு கால்களுக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். முன்பு சுளுக்கிய காலின் எண் குறைந்திருந்தால் வியப்பில்லை. ஆறாம் வார முடிவில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். திருகாணிகளையும் அன்று ஒருமுறை இறுக்கிவிடுக.