தொலைபேசிகளை இணைக்கும் பொது விதிகள்

முன்னுரை

கைபேசியை எடுக்கிறோம், பத்து எண்களை அழுத்துகிறோம், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா நம் காதருகே பேசுகிறார். இது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டபடியால் இதிலுள்ள வியப்பை நாம் மறந்துவிடுகிறோம். அவருடைய தொலைபேசி ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தது, நம்முடையது வேறொன்று. இவை இரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன? இக்கேள்வியை எங்களுக்குள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி.

ஒரு மாலைப் பொழுது

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஊர் பெரம்பலூருக்கு அருகிலுள்ள சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அவளுடைய அப்பாயிக்கு மூச்சிரைப்பு மிகுந்துவிட்டது, மருந்தும் தீர்ந்துவிட்டது. அரியலூரில் வேலை முடித்துப் பேருந்து ஏறவிருந்த அப்பாவிடம் மருந்து வாங்கி வரச் சொல்ல வேண்டும். ஆறு முறை அழைத்தும், எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்ற பதிவுக் குரலே கேட்டது. அடுத்த வீட்டு அத்தை தம் கைபேசியைக் கொடுத்தார். அதில் முதல் அழைப்பிலேயே அப்பா கிடைத்தார். கடை மூடும் நேரத்தில் மருந்தையும் வாங்கிவிட்டார்.

அப்பாவின் தொலைபேசியும் அத்தையின் தொலைபேசியும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. தோழி வீட்டுத் தொலைபேசி மற்றொன்று. இதைக் கேட்ட எங்கள் அறிவியல் ஆசிரியை, "கருவிகளில் குறையில்லை. இரு நிறுவனங்களுக்கும் இடையேயுள்ள வாசலில்தான் நெரிசல் இருந்திருக்க வேண்டும்" என்றார். அந்த வாசலைப் பற்றி நாங்கள் அறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

ரயில் பாதை தரும் பாடம்

முன்னாளில் சென்னையிலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் சென்ற பாதை மீட்டர் பாதை; தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். ஈரோட்டிலிருந்து திருச்சிக்கு வந்ததோ 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. ஆகவே ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். பின்னர் அரியலூர் பாதையும் அகலப் பாதையானது. அந்தத் தொல்லை நீங்கியது.

தந்திக்கும் ஆதியில் இதே நிலைதான். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தந்தியை எல்லையில் தாளில் எழுதி, அடுத்த நாட்டு ஊழியரிடம் கொடுத்து, மீண்டும் அனுப்பினார்கள். இதைத் தீர்க்க 1865 மே 17ஆம் நாள் பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வாறு பிறந்ததே இன்றைய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதன் தலைமையகம் ஜெனீவாவில் உள்ளது.

எண்ணிலும் ஒலியிலும் ஒழுங்கு

அவ்வொன்றியம் வகுத்த விதிப்படி, நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஒரு தொலைபேசி எண் 15 இலக்கங்களுக்கு மேற்படக் கூடாது. இந்தியாவின் குறியீடு 91. பெரம்பலூரின் குறியீடு 04328. அரியலூரின் குறியீடு 04329. முன்னுள்ள பூஜ்யத்தை நீக்கினால் நான்கு இலக்கங்கள், உள்ளூர் எண் ஆறு இலக்கங்கள், ஆகப் பத்து. சென்னைக்கு 44 என்னும் இரண்டு இலக்கங்களும் உள்ளூர் எண் எட்டும்; அதுவும் பத்து. கைபேசி எண்ணும் பத்தே! சிற்றூருக்கும் பெருநகருக்கும் ஒரே அளவு என்பது எத்துணை அழகிய ஒழுங்கு!

ஒலிக்கும் பொதுத் தரம் உண்டு. கம்பித் தொலைபேசிக்காக 1972இல் ஏற்கப்பட்ட ஜி.711 என்னும் தரப்படி, நம் குரல் ஒரு விநாடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக எழுதப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 64,000 பிட்டுகள். இதிலும் இரு வகை உண்டு: இந்தியாவும் ஐரோப்பாவும் 'ஏ விதி'யைக் கையாளுகின்றன, அமெரிக்காவும் ஜப்பானும் 'மியூ விதி'யைக் கையாளுகின்றன. இரு வகை நாடுகள் பேசும்போது மாற்றும் பொறுப்பு மியூ விதி நாட்டைச் சேர்ந்தது என்று முன்கூட்டியே வகுத்துவிட்டார்கள். கைபேசிகள் இதைவிடச் சுருக்கமான முறைகளைக் கையாளுகின்றன. அவற்றிற்கும் பொதுத் தரங்கள் உள்ளன.

வாசலைத் திறக்கும் சட்டம்

தரம் ஒன்றானாலும் வாசல் போதிய அகலமாக இல்லாவிடில் பயனில்லை. இரு நிறுவனங்களின் வலைப்பின்னல்கள் சந்திக்கும் இடத்தை இணைப்பு முனை என்பர். அங்கு ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகள்தாம் செல்லும் என்ற அளவு உண்டு. பெரிய நிறுவனம், 'சிறியதற்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?' என்று நினைத்தால் துன்பப்படுவது மக்களே. தோழியின் அப்பாயியைப் போன்றவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையும் ஆகலாம்.

எனவேதான் 1997இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு நிறுவனம் இணைப்பு கேட்டால் மற்றது 30 நாட்களுக்குள், பாரபட்சமின்றி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இணைப்பு முனை நெரிசலால் தவறும் அழைப்புகள் ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேற்படக் கூடாது என்பதும் ஆணையம் வைத்த அளவுகோல். பிற நிறுவனத்தின் அழைப்பைக் கொண்டுசேர்க்க நிமிடத்துக்கு 6 பைசா என்றிருந்த கட்டணமும் 2021 ஜனவரி 1 முதல் நீங்கியது. நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணை மாற்ற வேண்டாம் என்ற வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் கிடைத்தது.

முடிவுரை

தனிக் கை ஓசை தராது. ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களும் எண்ணிலும் ஒலியிலும் வாசலிலும் ஒத்துப்போவதால்தான், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரியலூருக்கும் கடல் கடந்த சிங்கப்பூருக்கும் நம் குரல் எட்டுகிறது. நற்செய்தி கொணர்ந்த கபிரியேல் அதிதூதரைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் தொலைத்தொடர்புப் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். செய்தியைத் தடையின்றிச் சேர்ப்பது அத்துணை உயர்ந்த பணி.

தோழியரே, அடுத்த முறை 'எல்லா இணைப்புகளும் உபயோகத்தில்' என்ற குரல் கேட்டால் கருவியைத் தட்டாதீர்கள். வேறு நிறுவனத்தின் தொலைபேசியில் முயன்று பாருங்கள். அது அடிக்கடி நேர்ந்தால் பெற்றோரிடம் சொல்லி, நாளையும் நேரத்தையும் குறித்துப் புகார் கொடுங்கள். விதி உண்டென்று அறிந்தவர்தாம் அதைக் கேட்டுப் பெற முடியும்.