எங்கே தொடங்கியது?

கே: பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர் ஆரியபட்டர்தானே?

ப: பள்ளிக்கூட மேடைகளில் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கி.பி. 499-ஐ ஒட்டி அவர் எழுதிய ஆரியபட்டீயத்தில் பூஜ்யத்துக்கென்று தனிக் குறி இல்லை. எண்களை எழுத்துகளாலேயே குறித்தார். பூஜ்யத்தையும் ஓர் எண்ணாக மதித்து, அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி வகுத்தவர் பிரம்மகுப்தர். ஆண்டு 628. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதிவிட்டார். இன்றைய கணிதத்தில் அது செல்லாது. போகட்டும், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதே பெரிய விஷயம்!

கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் குவாலியர் கோட்டைக்குப் போங்கள். அங்கே சின்னஞ்சிறு சதுர்புஜர் கோவிலில் 876-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோவில் நந்தவனத்தின் நீளம் 270 முழம், சுவாமிக்குத் தினமும் 50 மாலை என்று கணக்கு சொல்கிறது. இரண்டு எண்களிலும் பூஜ்யம் குட்டி வட்டமாக நிற்கிறது. இதைவிடப் பழையது கம்போடியாவில் கிடைத்த கல்வெட்டு. அதில் 605 என்ற ஆண்டின் நடுவே பூஜ்யம் ஒரு புள்ளி. அந்த 605 நம் சக ஆண்டு, கி.பி. கணக்கில் 683.

கே: செஸ்?

ப: நம்முடையதுதான். சதுரங்கமாக வட இந்தியாவில் பிறந்து, பாரசீகம் போய், அரேபியர் வழியாக ஐரோப்பா சேர்ந்தது. ராணியின் பாய்ச்சல் 15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர் சேர்த்தது. அதுவரை அந்த இடத்தில் இருந்த மந்திரி, மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்தால் உண்டு.

கே: குங்ஃபூவைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் என்கிறார்களே?

ப: ‘ஏழாம் அறிவு’ படம் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. சீனத் தியான பௌத்தத்தின் ஆதிகுரு அவர். அதில் தகராறு இல்லை. மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, மற்றொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை, சண்டைப் பயிற்சியும் இல்லை. குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவ்லின் மடத்துத் துறவிகள் 621-ல் போரில் இறங்கியதை அந்த மடத்தின் 728-ம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. போதிதர்மர் பயிற்சி கொடுத்ததாக அதிலும் ஒரு சொல் கிடையாது. அவரை உடற்பயிற்சி ஆசானாக்கியது 17-ம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூல். அதன் முன்னுரையே போலி என்பது ஆய்வாளர் தீர்ப்பு.

ஷாவ்லினுக்கு இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் அது வேறு ஆளிடம் இருக்கிறது. 495-ல் சீனப் பேரரசர் அந்த மடத்தைக் கட்டிக்கொடுத்ததே ஓர் இந்தியத் துறவிக்காகத்தான். சீனர் அவரைப் பாத்துவோ என்கிறார்கள்.