சிட்டையும் பேரேடும்: நோய்க்கணக்கு எழுதும் முறை

நமது சங்கத்தில் சிட்டையும் உண்டு, பேரேடும் உண்டு. அன்றைய வரவு செலவு சிட்டையில் ஏறும். ஓர் அங்கத்தினரின் நிலையை அறியப் பேரேட்டைத்தான் புரட்டவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது சிட்டை மட்டுமே. இன்று எத்தனை பேர் வந்தனர் என்று அது கூறும். சென்ற மாதம் வந்தவர் இம்மாதம் வரவில்லை என்பதைக் கூறாது.

காய்ச்சலுக்கு இக்குறை பெரிதன்று. இரத்தக் கொதிப்புக்கோ பெருங்கேடு. தறிக்குழியில் அமர்பவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் யாதொரு குறியும் காட்டாமலே அந்நோய் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும். நலமாகத்தானே உள்ளோம் என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். பின்னர் பக்கவாதம் கண்டு ஒரு கை விழுந்தால், தறியும் நிற்கும், குடும்பமும் தவிக்கும்.

2017-ஆம் ஆண்டில் மத்திய, மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிறரும் கூடி, இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதன்கீழ்ப் பஞ்சாபிலும் மகாராஷ்டிரத்திலும் 2018 முதல் ‘சிம்பிள்’ என்னும் கைப்பேசிச் செயலி பேரேடாயிற்று. நோயாளிக்குக் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று தரப்படும். செவிலியர் அதனைக் கைப்பேசியால் படித்தவுடன் முந்தைய அளவுகளும் மருந்துகளும் தோன்றும். அன்றைய அளவையும் அவரே பதிவார். 140/90-க்குக் கீழே இறங்காவிடில், மருத்துவர் வகுக்கப்பட்ட படிமுறைப்படி மருந்தைக் கூட்டுவார். மருந்தாளுநர் ஒரு மாதத்து மாத்திரை அளிப்பார். அடுத்து வரவேண்டிய நாளும் குறிக்கப்படும்.

அந்நாள் கடந்தால் அவர் பெயர் தவணை தப்பியோர் பட்டியலில் ஏறும். முழு ஏற்பாட்டிலும் விலைமதிப்புடையது இதுவே என்பது எமது கருத்து. (கடன் பாக்கிப் பட்டியலைக் கண்டு முகம் சுளிக்கும் நம்மவர் இதற்கு நாணவேண்டியதில்லை!) ஆயினும் பட்டியல் எவரையும் தானே அழைத்து வராது. யார் தொலைபேசியில் பேசுவது, பேசியும் வராதவர் வீட்டுக்கு யார் செல்வது என்று மருத்துவரும் செவிலியரும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் முன்னரே பகிர்ந்துகொள்ளாவிடில், அது படிக்கப்படாத ஏடாகவே கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே அளவைக் காகிதப் பதிவேட்டிலும் செயலியிலும் மாதாந்தர அறிக்கையிலுமாக மும்முறை எழுதச் சொன்னால், வரிசையில் ஐம்பது பேர் நிற்கும் காலையில் செவிலியர் என்ன செய்வார்? அளந்ததுபோல் 130/80 என்று நிரப்பிவிடத் தோன்றும். செயலி வந்த நிலையத்தில் பழைய பதிவேடுகளுள் எதனை நிறுத்துவது என்பதும் அன்றே முடிவாகவேண்டும்.