இறுதியில் இறங்கியவர்

நுழையும்முன்

கற்ற கலை ஒன்றாயினும் அதைப் பயன்படுத்தும் களங்கள் பல. களம் மாறும்போது கைத்திறன் மட்டும் போதாது. கடமை பற்றிய எண்ணமும் மாறவேண்டும். போர் விமானியாய் இருந்து பயணிகள் விமானியான ஒருவரின் வாழ்வு இதனை உணர்த்துகிறது.

இருவகைப் பறத்தல்

போர் விமானம் விரைவுக்கும் தாக்குதலுக்கும் உரியது. அது கைமீறிப் போகும் வேளையில் விமானியைக் காக்க வெளியேற்று இருக்கை உண்டு. அவ்விருக்கை விமானியை விசையுடன் வெளியே எறியும்; வான்குடை விரிந்து அவரைத் தரையிறக்கும். பயணிகள் விமானத்தில் அத்தகைய இருக்கை இல்லை. பின்னால் அமர்ந்திருப்போர்க்கு நேர்வதே விமானிக்கும் நேரும்.

படையில் பறந்த மணிநேரங்கள் குடிசார் பணிக்கும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனினும் அதற்குரிய உரிமத்தைப் பெறவேண்டும். இந்தியாவில் பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாக 1500 மணிநேரப் பறத்தல் பட்டறிவு தேவை. ஓட்டவிருக்கும் விமான வகைக்கெனத் தனிப் பயிற்சியும் உண்டு. இவற்றினும் அரியது, பிறர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பயிற்சி. 1977-இல் தெனரீப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். உடனிருந்தவர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி ஒருவர் பொருட்படுத்தாமையும் அதற்கு ஒரு காரணம். அதன்பின், விமானக் குழுவினர் கலந்து செயல்படும் முறை தனிப் பாடமாயிற்று.

ஹட்சன் ஆற்றில்

அப்பாடத்தைப் பிற விமானிகளுக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான செஸ்லி சல்லன்பெர்கர். அமெரிக்க வான்படையில் எஃப்-4 ஃபாண்டம் போர் விமானத்தை ஓட்டிய அவர், 1980-இல் பயணிகள் விமானப் பணியில் சேர்ந்தார்.

2009 சனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து அவரது ஏர்பஸ் ஏ320 விமானம் 155 பேருடன் புறப்பட்டது. ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் காட்டு வாத்துக் கூட்டம் மோதியது. இரு பொறிகளும் உந்துவிசையை இழந்தன. அதுவரை விமானத்தை ஓட்டியவர் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ். சல்லன்பெர்கர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்தார். ஸ்கைல்ஸ் பொறிகளை மீண்டும் இயக்க முயன்றார். ஒருவர் பணியில் மற்றவர் குறுக்கிடவில்லை. எந்த ஓடுபாதையையும் எட்ட இயலாது எனத் தெளிந்த தலைமை விமானி, ஹட்சன் ஆற்றில் இறங்கத் துணிந்தார். நீரைத் தொடுவதற்குச் சில நொடிகளே இருந்தபோதும், வேறு வழி ஏதேனும் தோன்றுகிறதா எனத் துணை விமானியிடம் வினவினார். பறவைகள் மோதியதிலிருந்து விமானம் நீரில் இறங்கும்வரை கழிந்தது ஏறத்தாழ மூன்றரை நிமிடம்.

பயணிகள் இறக்கைகளின் மீதும் மிதவைகளிலும் ஏறினர். விமானத்துள் நீர் புகுந்துகொண்டிருந்தது. சல்லன்பெர்கர் யாரேனும் எஞ்சியுள்ளனரா என இருமுறை உள்ளே நடந்து பார்த்தபின், இறுதியாக வெளியேறினார். 155 பேரும் உயிர்பிழைத்தனர்.

போர் விமானம் அவருக்கு விரைந்து முடிவெடுக்கக் கற்பித்தது. பயணிகள் விமானமோ, அந்த முடிவிலும் பிறரைக் கலந்துகொள்ளவும் தம் உயிரைப் பிறர் உயிர்க்குப் பின்னே வைக்கவும் கற்பித்தது. இவ்விரு கல்வியும் ஒருவரிடம் கூடியிருந்ததே அன்று 155 உயிர்களைக் காத்தது.

கற்பவை கற்றபின்

1. இக்கட்டான நேரத்தில் தலைமை விமானி துணை விமானியிடம் கருத்துக் கேட்டது வலிமையா, தயக்கமா? வகுப்பில் கலந்துரையாடுக.
2. ஒரு பணியிலிருந்து வேறு பணிக்கு மாறிய ஒருவரை நேர்கண்டு, அவர் புதிதாகக் கற்றவற்றையும் கைவிட்டவற்றையும் தொகுத்து எழுதுக.