முதல் கேமரா வாங்கும் வணிகர் கவனத்திற்கு

2022ஆம் ஆண்டு ஆடி மாதம் எனது மொத்த விற்பனைக் கடையிலிருந்து நாகர்கோவில் பக்கம் ஒரு சில்லறைக் கடைக்கு நாற்பது சேலைகள் கொண்ட பார்சல் ஒன்று போயிற்று. எல்லாம் அரக்கு நிறம். பத்து நாளில் அதே பார்சல் அப்படியே திரும்பி வந்தது. "அண்ணாச்சி, படத்துல நீங்க காட்டினது மிளகாய்ப்பழச் சிவப்பு. வந்திருக்கிறது அரக்கு. இதை நான் யார்கிட்ட விக்கிறது?" என்று போனில் கேட்டார். அவர் மீது குற்றமில்லை. படத்தை எடுத்தவன் நான். செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, நிறத்தையும் ஏற்றிக் கொடுத்த படத்தைச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். இருவழி லாரி வாடகையும் எனது கணக்கில்தான் ஏறியது. ஆடி விற்பனையும் கைநழுவிப் போயிற்று.

சாம்பிள் அனுப்பி ஆர்டர் பிடித்த காலம் போய், படம் அனுப்பி ஆர்டர் பிடிக்கும் காலத்தில் நாம் வியாபாரம் செய்கிறோம். ஆகவே அந்தப் படமே சாம்பிள் ஆகிறது. சாம்பிளுக்கும் சரக்குக்கும் வித்தியாசம் இருந்தால் என்ன ஆகும் என்பதை வணிகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காகவே நமது உறுப்பினர்கள் பலர் சிறிய கேமரா ஒன்று வாங்க நினைக்கிறார்கள். கேமரா கடைக்குள் நுழைந்ததும் மெகா பிக்சல், நாலு கே, ஆட்டோ போகஸ் என்று அடுக்கும் பேச்சில் திகைத்துப் போகிறார்கள். அவர்களுக்கு உதவும் பொருட்டே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் கேமரா தேவையில்லை. சோப்பு, பிஸ்கட், பேட்டரி போன்ற கம்பெனிப் பொருள் விற்பவருக்குக் கம்பெனியே படம் கொடுக்கும். மளிகைக் கடைக்காரர் விலைப்பட்டியல் அனுப்பச் செல்போன் தாராளமாகப் போதும். நிறமும் நயமும் பார்த்து வாங்கும் சரக்கு விற்பவருக்கே கேமரா வேண்டும். ஜவுளி, நகை, பித்தளை மற்றும் வெண்கலப் பாத்திரம், மரச்சாமான், தரம் பிரித்து விற்கும் ஏலக்காய், விரலி மஞ்சள் போன்றவை அந்த வகை.

மிரர்லெஸ் என்பது என்ன?

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்சுக்குப் பின்னால் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி விலகிக்கொள்ளும், வெளிச்சம் சென்சார் மீது விழும். இந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சார் பார்ப்பதையே நேரடியாகத் திரையில் காட்டுவது மிரர்லெஸ். ஒலிம்பஸ், பானசோனிக் ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற முறையை அறிவித்தன. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 வெளிவந்தது. சோனி 2010இல் நெக்ஸ் வரிசையோடு வந்தது. கேனானும் நிக்கானும் 2018இல் பெரிய சென்சார் மிரர்லெஸ் கேமராக்களை இறக்கிய பிறகு சந்தை முழுவதும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கண்ணாடி போனதால் கேமரா சிறுத்தது, எடை குறைந்தது என்பதையே விற்பவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். சரக்குப் படம் எடுக்கும் நமக்கு எடை ஒரு பொருட்டல்ல. நமக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்.எல்.ஆரின் கண் துளையில் நாம் பார்ப்பது சேலையை. மிரர்லெஸ் திரையில் பார்ப்பது சேலையின் படத்தை. சேலையைத் திரைக்குப் பக்கத்திலேயே பிடித்து, நிறம் ஒத்து வருகிறதா என்று பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பார்த்துவிடலாம். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. (எஸ்.எல்.ஆரிலும் பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கும் வசதி பிற்காலத்தில் வந்தது. ஆனால் பல மாடல்களில் அப்போது போகஸ் மந்தம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று சும்மா கிடந்தால் அதை வைத்தே பழகலாம். புதிதாக வாங்குவோர்க்கு அதைச் சொல்லமாட்டேன்.)

நிறம் எங்கே கெடுகிறது?

இதைப் புரிந்துகொண்டால்தான் கேமராவில் எதைப் பார்த்து வாங்குவது என்பது தெரியும். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவின் வெளிச்ச மீட்டருக்கு வேட்டி எது, கருப்புப் பர்தாத் துணி எது என்று தெரியாது. தன் முன் இருப்பது சராசரி சாம்பல் அளவு வெளிச்சமுள்ளது என்றே அது கணக்குப் போடும். எனவே வெள்ளை வேட்டியை முழுச் சட்டத்தில் எடுத்தால் வெளிச்சத்தைக் குறைத்து அழுக்கு வேட்டியாகக் காட்டும். அடர்த்தியான அரக்குச் சேலையை எடுத்தால் வெளிச்சத்தைக் கூட்டி இளஞ்சிவப்பு ஏற்றிக் காட்டும். என் பார்சல் திரும்பியது இதனால்தான். இதைத் திருத்த எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்ற வசதி உண்டு. வெள்ளைச் சரக்குக்குக் கூட்டல் ஒன்று, அடர் நிறத்துக்குக் கழித்தல் ஒன்று என்று தொடங்கித் திரையைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ். டியூப்லைட் வெளிச்சம் ஒரு நிறம், வாசல் வழியே வரும் பகல் வெளிச்சம் வேறு நிறம். நம் கண் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது ஊகம் செய்யும். சட்டம் முழுவதும் ஒரே நிறச் சேலை இருந்தால் அந்த நிறத்தையே வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்துக் குறைத்துவிடும். இதற்கு மருந்து, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டை ஒன்றை முதலில் படமெடுத்து, அதையே அளவாக வைத்துக்கொள்ளும்படி கேமராவுக்குச் சொல்லிவிடுவது. கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் என்று மெனுவில் இருக்கும். போட்டோ சாமான் கடையில் சாம்பல் அட்டை கிடைக்கும். வெள்ளை வேட்டியை வைத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். கூடாது. வேட்டிக்கு வெளுப்பு ஏற்றியிருப்பார்கள், நீலம் போட்டிருப்பார்கள். பளிச்சென்ற வெள்ளைக் காகிதத்திலும் இதே சிக்கல் உண்டு.

இவ்வளவு செய்தும் பிடிபடாத நிறங்கள் சில இருக்கின்றன. மயில் கழுத்து அதில் ஒன்று. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். இதற்கு எந்தக் கேமராவிலும் பொத்தான் கிடையாது. விரித்து ஒரு படம், மடிப்போடு ஒரு படம் என இரண்டு அனுப்புவதே நேர்மை.

கடைக்குள் எல்.இ.டி. விளக்கில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதைச் சிலர் பார்த்திருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதனால் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும்.

ஆக, வெளிச்சம், நிறம், ஷட்டர் வேகம் ஆகிய மூன்றையும் கையால் மாற்ற இடம் கொடுக்கும் கேமராவாக இருக்க வேண்டும். மாற்றும் சக்கரம் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மெனுவுக்குள் ஐந்து படி இறங்கித் தேடும்படி இருந்தால் இரண்டாவது வாரமே தானியங்கிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

மெகா பிக்சல் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 2480க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள் போதும். இரண்டு கோடிக்குக் குறைந்த மிரர்லெஸ் இன்று அரிது. சென்சார் அளவில் ஏ.பி.எஸ்.-சி வகை (சோனி, நிக்கான், பியூஜியில் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ.) நம் வேலைக்குச் சரியான நடு அளவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (17.3க்கு 13 மி.மீ.) சற்றுச் சிறியது, ஆனாலும் ஸ்டாண்டில் வைத்து எடுக்கும் சரக்குப் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். முழுச் சட்ட சென்சார் கேமரா வாங்கும் காசில் வேறு சரக்கு பிடிக்கலாம்.

எந்த மாடல் என்று கேட்பவர்களுக்கு மூன்றைச் சொல்லலாம். 2021இல் வந்த சோனி இசட்.வி.-இ10, 2022இல் வந்த நிக்கான் இசட்30, 2023இல் வந்த கேனான் ஆர்50. மூன்றுமே ஏ.பி.எஸ்.-சி, மூன்றிலும் திரை பக்கவாட்டில் திறந்து திரும்பும். முதல் இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் வியூ பைண்டர் கிடையாது. மேசை மேல் சரக்கை வைத்து எடுப்பவருக்கு அது குறையில்லை. மொட்டை மாடியில், களத்தில், வெயிலில் எடுப்பவருக்குத் திரை தெரியாது. அவர் ஆர்50 பக்கம் போவது நல்லது.

பழைய கேமரா வாங்குவோர் மாடலைவிட லென்ஸ் மாட்டும் வளையத்தைக் கவனிக்க வேண்டும். 2012இல் தொடங்கிய கேனான் இ.ஓ.எஸ். எம் வரிசை நின்றுவிட்டது. அதன் லென்சுகள் பின்னால் வந்த ஆர் வரிசைக் கேமராவில் மாட்டாது. 2011இல் வந்த நிக்கான் 1, 2018இல் நின்றது. சாம்சங்கும் தனது என்.எக்ஸ். வரிசையை நிறுத்திவிட்டது. நின்று போன லாட்டை மலிவாகத் தள்ளுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. படம் நன்றாகத்தான் வரும், ஆனால் நாளைக்கு ஒரு லென்ஸ் வேண்டுமென்றால் பழைய சரக்கைத் தேடி அலைய நேரிடும்.

காசை எதில் போடுவது?

ரூ.80,000 ஒதுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாடியும் உடன் வரும் கிட் லென்சும் சேர்ந்து ரூ.65,000ஐத் தாண்டக் கூடாது. மீதியில் கனமான முக்காலி ஸ்டாண்டு ஒன்று, நிறம் மாறாத விளக்கு இரண்டு, சாம்பல் அட்டை, கூடுதல் பேட்டரி ஆகியவை வாங்க வேண்டும். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாட்டைவிட அது முக்கியம். படம் எடுக்கும்போது கடையின் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சம் கலந்தால் சேலையின் இடப்பக்கம் ஒரு நிறமும் வலப்பக்கம் ஒரு நிறமுமாக நிற்கும்.

ஜவுளி, பாத்திரம், மரச்சாமானுக்குக் கிட் லென்ஸ் போதும். துளையை எஃப் 8 அளவில் வைத்து, இரண்டு வினாடி டைமரில், ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாக விழும். நகைக்கடைக்காரர் நிலைமை வேறு. கிட் லென்ஸ் எவ்வளவு நெருங்கினாலும் சுமார் 10 சென்டிமீட்டர் அகலப் பொருள்தான் சட்டத்தை நிறைக்கும். வளையல் வரும், ஆரத்தின் பதக்கம் வரும். அரை சென்டிமீட்டர் மூக்குத்தி சட்டத்தின் இருபதில் ஒரு பங்காகக் கிடக்கும். அவர்கள் பாடியில் மிச்சம் பிடித்து மேக்ரோ லென்ஸ் வாங்குவதே முறை.

வாங்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சொந்த மெமரி கார்டு ஒன்று, ஒரு வெள்ளைத் துணி, உங்கள் கடையின் மிகச் சிரமமான நிறத்தில் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். கவுண்டரில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கார்டைக் கடைக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசி வாங்கமாட்டோமே! இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

கேமராவுக்குச் சரக்கு சேவை வரி 2019 ஜனவரி முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. தொழிலுக்காக வாங்குவதால், வழக்கமான பதிவுள்ளவர்கள் கடைப் பெயரும் பதிவு எண்ணும் போட்டு பில் வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் எழுதிவிட்டால் வரவு எடுக்க முடியாது என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளவும். வெளிநாட்டிலிருந்து கையில் வந்த கேமரா என்று பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துக் கொடுப்பார்கள். அதில் வரி வரவும் போகும், இந்திய உத்தரவாதமும் பெரும்பாலும் இருக்காது.

வாங்கிய பின் பராமரிப்பு. மிரர்லெஸ் கேமராவில் லென்சைக் கழற்றியதும் பெரும்பாலான மாடல்களில் சென்சார் திறந்து நிற்கும். மிளகாய் மண்டி, மாவு மில், பஞ்சுக் கிடங்கு வைத்திருப்பவர்கள் அங்கே லென்சைக் கழற்றவே கூடாது. வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடித்து மாற்றவும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் லென்சுக்குள் பூஞ்சை படரும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதே அதற்குக் காரணம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஈரம் இழுக்கும் என்று அரிசி டப்பாவுக்குள் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தவிட்டுத் தூசி லென்ஸ் வளையத்துக்குள் இறங்கிவிடும், அதைச் செய்ய வேண்டாம்.